வீட்டு வாலை: செம்பா, எவர்சில்வரா, கண்ணாடியா?

லாவெண்டர், ரோஸ்மேரி, ரோஜா, வெட்டிவேர் என்று மணமுள்ளவற்றை வீட்டிலேயே வடித்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள்: எந்த வாலையை, அதாவது கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்து வடிக்கும் பாத்திரத்தை, வாங்குவது? செம்பு வாலை பார்க்கவே கண்ணைப் பறிக்கிறது. எவர்சில்வர் காலத்துக்கும் உழைக்கும் என்கிறார்கள். கண்ணாடிச் செட்டில் உள்ளே நடப்பது அத்தனையும் தெரியும். பிரஷர் குக்கரில் ஒரு குழாயை மாட்டி நாமே செய்துகொள்ளலாம் என்பவர்களும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த உலோகம் என்று தொடங்கினால் குழப்பம் தீராது. எந்தச் செடியை வடிக்கப்போகிறீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு கிடைக்கும், ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீருக்கு என்ன வழி என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாத்திரம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்த வேண்டும். இந்தக் கட்டுரை நறுமண எண்ணெயையும் மணநீரையும் (செடியின் மணம் ஏறிய வடிநீர்) வடிப்பதைப் பற்றி மட்டுமே. வீட்டில் மது வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு அனுமதிக்கும் நியூசிலாந்து அரிதான விதிவிலக்கு. சில நாடுகளில் வாலையை வைத்திருப்பதற்கே பதிவோ உரிமமோ தேவைப்படலாம். எனவே வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது

*எண்ணெயா, மணநீரா?*

முடிவில் பாதி இந்தக் கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. ஐந்து லிட்டர் வாலையில் தண்ணீருக்கும் ஆவிக்கும் இடம் விட்டது போக, பச்சைத் தழை சுமார் அரைக் கிலோதான் பிடிக்கும். லாவெண்டர் பூக்கதிரில் எண்ணெய் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5 கிராம் கிடைக்கும். சின்ன பாட்டில் ஒன்று நிறையும், மனமும் நிறையும். அதே அரைக் கிலோ ரோஜா இதழில் என்ன கிடைக்கும்? ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ் தேவைப்படுகிறது. அந்தக் கணக்கில் அரைக் கிலோவுக்கு இரண்டு மூன்று சொட்டுதான். அதுவும் தனியாகப் பிரிந்து மிதக்காது, வடிந்த நீரிலேயே கரைந்துவிடும். ரோஜா மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் பினைல் எத்தில் ஆல்கஹாலுக்குத் தண்ணீரில் நன்றாகக் கரையும் குணம் உண்டு. ஆகவே வீட்டில் ரோஜாவை வடிப்பது என்றால் மணநீர் வடிப்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வரவில்லையே என்று வாலையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

யூகலிப்டஸ் இலை, ரோஸ்மேரி, லாவெண்டர் ஆகியவை வீட்டு அளவிலேயே எண்ணெய் தரும். கிராம்பு மொட்டில் 15 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய் இருப்பதால் சிறிய கண்ணாடிச் செட்டிலேயே அது கண்ணுக்குத் தெரியும்படி சேரும். மல்லிகையைப் பற்றிப் பலரும் ஆவலோடு கேட்கிறார்கள். அதன் மணம் கொதிநீரின் சூட்டைத் தாங்காது. கடையில் விற்கும் மல்லிகைச் சாரம் கரைப்பான் கொண்டு எடுக்கப்படுவது. மல்லிகைக்காக மட்டும் வாலை வாங்க நினைத்தால் வேண்டாம்.

*செடி தண்ணீரிலா, தட்டின் மேலா?*

நறுமண எண்ணெயிலுள்ள பொருள்கள் தனித்தனியாகக் கொதிக்க நிறையச் சூடு கேட்பவை. லாவெண்டரில் உள்ள லினலூல் 198 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஆனால் தண்ணீரோடு கலக்காத ஒரு திரவத்தைத் தண்ணீருடன் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டின் ஆவியழுத்தமும் கூடி, 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து வெளியேறும். வாலை வேலை செய்வது இந்த ஒரு காரணத்தால்தான்.

ஆவி செடியின் எல்லாப் பக்கமும் புகுந்து வர வேண்டும். இலையும் தண்டும் துளைத்தட்டின் மேல் இருப்பது நல்லது. அடி பிடிக்காது, சமைத்த வாடையும் குறையும். ரோஜா இதழைத் தட்டில் வைத்தால் ஆவி பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், ஆவி ஒரு ஓரமாக வழி கண்டுபிடித்துப் போய்விடும். இதழ்கள் தண்ணீரிலேயே மிதக்க வேண்டும். எனவே வாங்கப்போகும் வாலையில் தட்டை வைக்கவும் எடுக்கவும் முடிகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

*குளிர்விக்கும் தண்ணீர்*

விளம்பரங்கள் சொல்லாமல் விடும் செலவு இதுதான். ஒரு லிட்டர் நீரை அறை வெப்பத்திலிருந்து சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் அதற்கும் மேல். அந்த ஆவியை மறுபடி நீராக்க, கிட்டத்தட்ட அவ்வளவு வெப்பத்தையும் திரும்ப வெளியே எடுத்தாக வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் 20 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்று வைத்தால், ஒரு லிட்டர் வடிநீருக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு வடிப்பது வீண்செலவு. ஒரு பெரிய வாளி, சின்ன நீர்மூழ்கி மோட்டார், ஐஸ் இருந்தால் அதே தண்ணீரைச் சுழற்றலாம். ஐஸை மட்டும் நம்பினால் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 கிலோ பிடிக்கும்.

எந்த வாலையானாலும் குளிர்ந்த நீர் கீழிருந்து நுழைந்து மேலே வெளியேற வேண்டும். வடிவது கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஆவியாகவே புகைந்து வந்தால் அடுப்பைக் குறையுங்கள், மணம் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. வெட்டிவேருக்கு மட்டும் மிகக் குளிர்ச்சியும் ஆகாது. கெட்டியான அந்த எண்ணெய் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

மீதி இரண்டு அளவுகோல்கள்: மூட்டுகள் எதனால் அடைக்கப்படுகின்றன, உள்ளே கழுவ முடிகிறதா. நறுமண எண்ணெய்கள் பிளாஸ்டிக்குக்கு எதிரி. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலுள்ள லிமோனின் தெர்மோகோலையே கரைத்துவிடும். சாதாரண ரப்பர் மணத்தை உறிஞ்சிக்கொண்டு அடுத்த தடவை திருப்பிக் கொடுக்கும், சிலிக்கான் நாளடைவில் ஊதும். எண்ணெய் படும் இடங்களில் டெஃப்லான், கண்ணாடி, உலோகம் ஆகியவைதான் நிம்மதி.

செம்பு வாலை

வெங்காயம் போன்ற தலையும் சாய்ந்த கழுத்தும் வாளிக்குள் சுருள் குழாயுமாக வரும் பழைய வடிவம். செம்பு எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் அடிப்பாகம் சீராகச் சூடாகிறது, இதழ்கள் ஓரிடத்தில் கருகும் வாய்ப்பு குறைகிறது. இன்னொரு குணம் அதைவிட முக்கியமானது. தாவரங்களைக் கொதிக்கவைக்கும்போது எழும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு தன்மேல் பிடித்துவைத்துக்கொள்கிறது. வடித்த முதல் நாளே மணநீர் சுத்தமாக மணப்பதற்கு அது ஒரு காரணம். பூக்களுக்கு, குறிப்பாக ரோஜாவுக்கு, செம்பை எடுத்தவர்கள் அதை விடாமல் வைத்திருப்பது வெறும் அழகுக்காக அல்ல.

இனி மறைந்திருக்கும் செலவுகள். செம்பைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் களிம்பு பிடிக்கும். களிம்பு நச்சு. நீண்ட நாள் கழித்து எடுக்கும்போதெல்லாம் சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவி, வெறும் தண்ணீரை ஒரு முறை வடித்துக் கொட்ட வேண்டும். சுருள் குழாயின் உள்ளே பிரஷ் போகாது, இந்த வெற்று வடிப்புதான் அதன் துப்புரவு. மணநீர்கள் பொதுவாக லேசான அமிலத்தன்மை உள்ளவை. அவை செம்பில் தேங்கி நின்றால் செம்பு அவற்றில் இறங்கும், எண்ணெய் சீக்கிரம் கெடவும் அது காரணமாகும். வடிநீரில் பச்சையோ நீலமோ தட்டினால் பயன்படுத்தாதீர்கள். நீலமே இயல்பான ஜெர்மன் கேமோமைல் எண்ணெய் தனிக் கதை.

கழுத்துக்கும் பானைக்கும் நடுவிலுள்ள இணைப்பைப் பழைய முறையில் மாவுப் பசையால் அடைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதைச் செய்ய வேண்டும், சில நிமிட வேலை. அழுத்தம் ஏறினால் அந்தப் பசை முதலில் பிய்த்துக்கொண்டு வழிவிடும் என்பதால் எனக்கு அந்தப் பழைய முறைமேல் மரியாதை உண்டு.

மிகப் பெரிய எச்சரிக்கை பற்றவைப்பைப் பற்றியது. அலங்காரத்துக்காகச் செய்த வாலைகளிலும் பழைய பொருள்களாக விற்பவற்றிலும் ஈயம் கலந்த பற்று இருக்கலாம். ஈயமில்லை என்று எழுத்தில் தராத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். செம்பு இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

செம்பு யாருக்கு: பூ மணநீரே முதல் ஆசையாக இருப்பவருக்கு, ஒவ்வொரு வடிப்புக்கும் பிறகு துடைத்து உலர்த்திவைக்கப் பொறுமை உள்ளவருக்கு.

எவர்சில்வர் வாலை

பார்வைக்குப் பெரிய சமையல் பாத்திரம், மேலே கிண்ணம் போன்ற மூடி, பக்கத்தில் குளிர்விப்பான். இதன் மேல் யாரும் காதல் கொள்வதில்லை. ஆனால் இலை, புல், வேர், விதை என்று கலந்து வடிக்கிறவருக்கு நான் சொல்வது இதையே. 10 முதல் 20 லிட்டர் வரை கையாளலாம், தட்டு வைக்கலாம், எலுமிச்சைத் தோலின் அமிலத்துக்கும் அசையாது. சோடா போட்டுத் தேய்க்கலாம், நேற்றைய புதினா இன்றைய லாவெண்டரில் வராது.

304 என்ற தரம் இந்த வேலைக்குப் போதும். 316 தரத்தில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புத்தன்மையை நன்றாகத் தாங்கும். உங்கள் தண்ணீர் உப்பாக இருந்தால்தான் அந்தக் கூடுதல் பணம் அர்த்தமுள்ளது. 304 எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது. இண்டக்ஷனில் வைக்க நினைப்பவர்கள் அடியில் காந்தம் ஒட்டும் தனி அடுக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் மெல்லிய அடிப்பாகம் உள்ள பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் சூடேறி, தண்ணீரில் கிடக்கும் இதழ் கருகும். அடி தடிமனாக இருக்க வேண்டும். கந்தக வாடையை இது பிடிக்காது. புதிதாக வடித்தது சில நாள் புகையும் புல்லுமாக மணக்கலாம். பாட்டிலில் மூடி, குளிர்ச்சியான இடத்தில் சில வாரம் ஆறவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆவி போகும் பாதையில் செம்புக் கம்பிவலை ஒரு சுருள் வைப்பவர்களும் உண்டு. செலவு குறைவு, பலன் தெரியும்.

பாத்திரம் பெரிதானால் செடியும் அதற்கேற்ப வேண்டும் என்பதுதான் இதிலுள்ள மறைசெலவு. 20 லிட்டர் வாலையை நிரப்ப இரண்டு மூன்று கிலோ தழை வேண்டும். தொட்டியில் நாலு செடி வைத்திருப்பவருக்கு அது வருடம் முழுதும் சும்மா கிடக்கும்.

*குக்கரை வாலையாக்கலாமா?*

ஆக்கலாம். ஆனால் அழுத்தத்தில் வடிப்பதற்காக அல்ல. குக்கர் நமக்குத் தருவது இறுக்கமான மூடி ஒன்றைத்தான். அலுமினியக் குக்கர் வேண்டாம், எவர்சில்வர் மட்டும். வெயிட்டை எடுத்துவிட்டு அந்த முனையில் செம்போ எவர்சில்வரோ குழாயை இணைக்க வேண்டும். பாதுகாப்பு வால்வைக் கழற்றவோ அடைக்கவோ கூடாது. ஆவி போகும் வழியில் எங்கும் திருகுகுழாய் வைக்கக் கூடாது, குழாயின் மறுமுனை வடிநீருக்குள் மூழ்கியிருக்கவும் கூடாது. வெயிட் உட்காரும் துளை மிகச் சிறியது, ஓர் இலைத்துணுக்கு போதும் அடைக்க. செடியைத் தளர்வாக, பாதி உயரத்துக்கு மேல் போகாமல் வைத்து, மேலே கம்பிவலை போட்டு, தீயைச் சின்னதாகவே வையுங்கள். என்னைக் கேட்டால், அகலக் குழாய் பொருத்திய மூடியுடன் ஒரு சாதாரணப் பாத்திரம் இதைவிடப் பாதுகாப்பானது. அழுத்தம் சேர்வதற்கே அதில் இடமில்லை.

கண்ணாடிச் செட்

போரோசிலிகேட் கண்ணாடிக் குடுவை, நீராவிக் குழாய், லீபிக் (நேர்க்குழாய்) அல்லது கிரஹாம் (சுருள் குழாய்) குளிர்விப்பான், மின் சூடேற்றி, ஸ்டாண்டு, கிளிப்புகள். இதில் இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. முதல் துளி எண்ணெய் எப்போது தோன்றுகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கேமோமைலில் நிறமற்ற மேட்ரிசின் சூட்டில் கமாசுலீனாக மாறி, நீல எண்ணெயாகக் குளிர்விப்பானில் இறங்குவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கண்ணாடி எதனோடும் வினைபுரியாது என்பதால் நீங்கள் முகர்வது செடியின் மணம் மட்டுமே.

1928இல் கிளெவெஞ்சர் என்பவர் விவரித்த கருவி ஒன்று இருக்கிறது. அளவுகள் குறித்த சின்னக் குழாயில் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு, நீரை மறுபடி குடுவைக்கே அனுப்பிவிடும். எந்த மாதம் அறுவடை செய்தால் எண்ணெய் அதிகம், காயவைத்தால் எவ்வளவு குறைகிறது என்றெல்லாம் ஒப்பிட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நீர் திரும்பிப் போய்விடுவதால் மணநீர் கையில் சேராது.

2 லிட்டர் குடுவையில் 200 கிராம் தழைக்கு மேல் திணிக்க முடியாது என்பதுதான் கண்ணாடியின் எல்லை. எண்ணெய் ஒன்றிரண்டு மில்லிலிட்டர். குறுகிய கழுத்து வழியே வெந்த தழையை வெளியே எடுப்பது பெரிய வேலை, பெரும்பாலான உடைசல்கள் வடிக்கும்போது அல்ல, கழுவும்போதுதான் நடக்கின்றன. அகல வாய்க் குடுவை கிடைத்தால் அதை எடுங்கள். இணைப்பு அளவுகள் 24/40, 24/29 என்று வரும். இரண்டும் வெவ்வேறு நீளம், எல்லாப் பாகங்களையும் ஒரே அளவில் வாங்குங்கள். கொதிப்பைச் சீராக்கும் சிறு கற்களான கொதிகற்கள் போடாமல் சூடாக்கினால் நீர் திடீரெனப் பொங்கித் தழையோடு குளிர்விப்பானுக்குள் பாயும். கற்களைக் குளிர்ந்த நீரில்தான் போட வேண்டும், சூடான பிறகு போட்டாலும் பொங்கும். இவ்வளவையும் சேர்த்து விலை பார்த்தால், மலிவாகத் தெரிந்த கண்ணாடிச் செட் சூடேற்றி, மோட்டார், ஸ்டாண்டு, உடைந்ததற்கு மாற்று என்று எவர்சில்வரைத் தாண்டிவிடும்.

மேசைமேல் வைக்கும் மின்சார நீர்வடிப்பான்

தண்ணீர் வடிக்க அருமையான கருவி. வழக்கமான 4 லிட்டர் மாடல் சுமார் 750 வாட்டில் நாலைந்து மணி நேரத்தில் வேலையை முடிக்கும், மின்விசிறியே குளிர்விப்பதால் குளிர்நீர் தேவையில்லை. செடி வடிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பல மாடல்கள் நீர் முழுதும் வற்றிய பிறகே நிற்கும், அதற்குள் தழை அடியில் தீய்ந்துவிடும். வாயில் உள்ள கரித்துண்டுப் பை மணத்தை விழுங்கிவிடும்.

ஒரே பார்வையில்

| | செம்பு | எவர்சில்வர் | கண்ணாடி |
|---|---|---|---|
| நன்றாக வருவது | பூ மணநீர் | இலை, வேர், விதை எண்ணெய் | சிறு அளவு, அளந்து ஒப்பிடுதல் |
| வசதியான அளவு | 5–10 லிட்டர் | 10–20 லிட்டர் | 1–2 லிட்டர் |
| கழுவுதல் | ஒவ்வொரு முறையும் உலர்த்த வேண்டும் | எளிது | கவனம் தேவை |
| மறைந்த செலவு | களிம்பு பராமரிப்பு, ஈயப்பற்று சோதனை | நிறையத் தழை | துணைக் கருவிகள், உடைசல் |
| தவிர்க்க வேண்டியவர் | இண்டக்ஷன் மட்டும் உள்ளவர் | சில தொட்டிச் செடிகளே உள்ளவர் | லிட்டர் கணக்கில் மணநீர் வேண்டுபவர் |

எதை வாங்கினாலும் கூடவே வேண்டியவை

எண்ணெயைப் பிரிக்க ஒரு கண்ணாடிப் பிரிப்புப் புனல். பெரும்பாலான எண்ணெய்கள் மிதக்கும், கிராம்பு எண்ணெய் மூழ்கும். மிதக்கும் எண்ணெய்க்கென்று செய்த கலத்தில் கிராம்பை வடித்தால் எண்ணெய் அடிவழியே நீரோடு போய்விடும். அடர்நிறப் பாட்டில்கள் வேண்டும். மணநீருக்கு அவற்றைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கி, நிரப்பியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். மணநீரில் எண்ணெயின் அளவு மிகக் குறைவு, தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கில்லை. கலங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். எண்ணெயை நேரடியாகத் தோலில் பூசவோ குடிக்கவோ கூடாது. வீட்டில் பூனை இருந்தால் வடிக்கும் அறைக்குள் விடாதீர்கள், இந்த எண்ணெய்களைச் செரித்து வெளியேற்ற அதன் கல்லீரலால் முடியாது.

நேரத்தையும் கணக்கில் சேருங்கள். லாவெண்டர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். வெட்டிவேர் ஒரு முழு நாள் கேட்கும், அத்தனை நேரமும் அடுப்புப் பக்கம் ஆள் இருந்தாக வேண்டும். அப்படி உட்கார முடியாதவர் வெட்டிவேரை நினைத்துப் பெரிய வாலை வாங்க வேண்டாம்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். இந்தப் பருவத்தில் உங்களுக்கு உண்மையாகக் கிடைக்கும் செடியை ஒரே நாளில் பறித்து எடை போடுங்கள். கால் கிலோவுக்குள் என்றால் கண்ணாடி. அரைக் கிலோ, ஒரு கிலோ, அதில் பெரும்பகுதி பூ என்றால் செம்பு. ஒரு கிலோவைத் தாண்டி இலையும் தண்டுமாக இருந்தால் தடித்த அடியுள்ள 10 அல்லது 12 லிட்டர் எவர்சில்வர். முதல் வடிப்பு எந்த வாலையிலும் வெறும் தண்ணீராகவே இருக்கட்டும். ஒழுகும் மூட்டு, போதாத குளிர்ச்சி, தொழிற்சாலை எண்ணெய் வாடை எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அந்த நீரைக் கொட்டிவிட்டு அப்புறம் செடியை வையுங்கள்.